பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்: மாற்றுவதா, சரிசெய்வதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

"அறை சூடேறவில்லை, ரேடியேட்டர் பழசு, மாற்றிவிடலாம்" என்றுதான் பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. பழுது பார்க்கப் போன இடங்களில் நான் திரும்பத் திரும்பக் கண்டது வேறு. வார்ப்பிரும்பு உடம்பு நன்றாகவே இருக்கும். அதில் மாட்டிய வால்வோ, அடைத்த காற்றோ, உள்ளே தேங்கிய கசடோதான் வேலையைக் கெடுத்திருக்கும். உடம்பை மாற்றினாலும் அந்தக் குறை அங்கேயே நிற்கும், புது ரேடியேட்டரும் சூடேறாது. அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். மாற்றியே தீர வேண்டும் என்றால் கழற்றும்போதும் மாற்றிய பின்னும் வரும் சிக்கல்கள் பின்பாதியில் உள்ளன.

## தொடங்கும் முன்: வெந்நீரா, நீராவியா?

இது தெரியாமல் எந்தத் திருகிலும் கை வைக்க வேண்டாம்.

- பாய்லரின் பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கிறது: நீராவி.
- ரேடியேட்டருக்கு ஒரே குழாய், எதிர்ப்பக்கத்தில் பாதி உயரத்தில் தோட்டா வடிவில் ஒரு காற்றுப்போக்கி: ஒற்றைக் குழாய் நீராவி.
- இரண்டு குழாய், வெளியேறும் பக்கம் கீழே கைப்பிடி இல்லாத உருண்டையான பித்தளைப் பொறி (நீராவியைப் பிடித்து வைத்து, தண்ணீரையும் காற்றையும் மட்டும் வெளியே விடும் பாகம்): இரட்டைக் குழாய் நீராவி.
- இரண்டு குழாய், மேல் மூலையில் சாவியால் திறக்கும் சின்னத் திருகு: வெந்நீர்.

எந்த வகையானாலும் பாய்லரை அணைத்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்ட பிறகே எதையும் திறக்க வேண்டும். வார்ப்பிரும்பு மெதுவாகத்தான் ஆறும், அவசரப்பட வேண்டாம்.

## அறிகுறி: கீழே சூடு, மேலே குளிர் (வெந்நீர்)

உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பம்ப்பை நிறுத்துங்கள். காற்றுத் திருகின் கீழ் துணியும் ஒரு கிண்ணமும் பிடித்து, சாவியால் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறங்கள். புஸ்ஸென்று காற்று போகும், அப்புறம் தண்ணீர் துப்பும். சீராகத் தண்ணீர் வந்ததும் மூடிவிடுங்கள். திருகை முழுக்கக் கழற்றிவிடாதீர்கள், அழுத்தத்தோடு வரும் தண்ணீரில் அதைத் திரும்ப மாட்டுவது கடினம்.

பழைய ரேடியேட்டர்களில் பல அடுக்கு பெயிண்ட் அந்தத் திருகை மூடியிருக்கும். கத்தி முனையால் விளிம்பை மெல்லக் கீறிவிட்டுத் திருகுங்கள். அசையாத பித்தளைத் திருகைப் பலம்கொண்டு திருப்பினால் தலை முறிந்து, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

காற்று எடுத்த பின் பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள். மூடிய அமைப்பில், ஆறிய நிலையில் சாதாரண வீடுகளுக்கு 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பும் வால்வைத் திறந்து ஏற்றுங்கள். மாடி உயரத்தில் திறந்த தொட்டி வைத்த பழைய அமைப்பில் அழுத்தமானி இருக்காது, அங்கே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடிக்கடி காற்று சேர்கிறதா? எங்கோ கசிந்து, புதுத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அல்லது உள்ளே துருப்பிடிப்பதால் ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. இந்த இரண்டாவதுக்காகத்தான் காற்று எடுக்கும்போது பக்கத்தில் தீயோ சிகரெட்டோ கூடாது என்கிறேன். வாராவாரம் காற்று எடுக்க வேண்டிய நிலை என்றால் ஆளைக் கூப்பிட்டு, கசிவையும் தண்ணீரில் கலக்கும் துருத்தடுப்பு மருந்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: மேலே சூடு, கீழே அல்லது நடுவில் குளிர் (வெந்நீர்)

கொஞ்சம் வித்தியாசம் இயல்பானது. தண்ணீர் சூட்டைக் கொடுத்துவிட்டுத்தானே கீழே இறங்குகிறது. அறையின் சூட்டைப் பார்த்துத் தானாகத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு பாதி மூடியிருக்கும்போது அடிப்பகுதி ஆறியே கிடக்கும். ஆகவே அந்த வால்வை முழுக்கத் திறந்து, அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு தொட்டுப் பாருங்கள்.

அதன் பிறகும் அடிப்பகுதி சில்லென்று இருந்தால்:

1. வெளியேறும் பக்க வால்வைப் பாருங்கள். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஸ்பேனரால் திருப்பும் வகை அது. முதலில் முழுக்க மூடி, எத்தனை சுற்று மூடியது என்று எழுதி வையுங்கள். பிறகு அதைவிட அரைச் சுற்று கூடுதலாகத் திறந்து பாருங்கள்.
2. மற்ற ரேடியேட்டர்களைக் கொஞ்சம் மூடிவிட்டு இதற்கு மட்டும் ஓட்டம் கொடுங்கள். இப்போது சூடேறினால் அடைப்பு இல்லை, ரேடியேட்டர்களுக்குள் தண்ணீர்ப் பங்கீடுதான் சரியில்லை.
3. காற்றுத் திருகிலோ வடிகாலிலோ வரும் தண்ணீர் கறுப்பாக மை போல இருந்தால், இரும்புத் துருவின் கசடு அடியில் படிந்திருக்கிறது. ஒரு காந்தத்தைக் காட்டினால் ஒட்டும்.

கசடு என்றால் ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் நீர்க்குழாயால் அலசுவதுதான் சிறந்த வழி. ஆனால் எடையை நினைவில் வையுங்கள். பரவலாகப் பயன்பட்ட 500 மில்லிமீட்டர் மைய இடைவெளி கொண்ட மாதிரிகளில் ஒரு செக்ஷனே (வரிசையாகக் கோத்திருக்கும் வார்ப்புத் துண்டுகளில் ஒன்று) சுமார் 7 கிலோ. பத்து செக்ஷன் என்றால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரோடு சேர்த்து 70 கிலோவைத் தாண்டும். பல ரேடியேட்டர்களில் கசடு தெரிந்தால் மொத்த அமைப்பையும் இயந்திரம் வைத்து அலச ஆளைக் கூப்பிடுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பழைய குழாய்களில் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதுண்டு. அலசியதும் புதுக் கசிவு தெரிய வரலாம். அலசலைக் குறை சொல்ல வேண்டாம், அந்த இடம் ஏற்கெனவே அரித்துப் போனதுதான்.

## அறிகுறி: முழுக்கவும் குளிர்

எல்லா ரேடியேட்டரும் குளிராக இருந்தால் ரேடியேட்டரை விட்டுவிட்டுப் பாய்லர், பம்ப், அறைத் தெர்மோஸ்டாட் பக்கம் போங்கள்.

வெந்நீர், இது ஒன்று மட்டும் குளிர்: தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சின்ன ஊசி தெரியும். விரலால் அல்லது ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அழுத்தினால் உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். கோடை முழுதும் மூடியே கிடந்த வால்வில் ஊசி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெல்லத் தட்டி விடுவியுங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி கையோடு வந்துவிட்டால் தண்ணீர் பீறிடும். கைச்சக்கரம் வைத்த பழைய வால்வாக இருந்தால், சக்கரம் சுற்றினாலும் உள்ளே தட்டு தண்டிலிருந்து முறிந்து மூடிய நிலையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அதற்கு வால்வை மாற்ற வேண்டும், ரேடியேட்டரை அல்ல.

ஒற்றைக் குழாய் நீராவி, இது ஒன்று மட்டும் குளிர்: பத்தில் எட்டு முறை என்று சொல்லத் தோன்றும் அளவுக்குக் காற்றுப்போக்கிதான் காரணம். உள்ளே இருக்கும் காற்று வெளியே போனால்தான் நீராவி உள்ளே வரும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, நன்றாக வேலை செய்யும் இன்னொரு ரேடியேட்டரின் காற்றுப்போக்கியையும் இதையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறையும் கூடவே இடம் மாறினால் ஒரு புதுக் காற்றுப்போக்கி போதும்.

இரட்டைக் குழாய் நீராவி: வெளியேறும் பக்கப் பொறி மூடியபடி சிக்கியிருக்கலாம். அதன் உள்பாகத்தை மட்டும் மாற்ற முடியும், ஆனால் இதை நீராவி வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: டம் டம் என்று அடிக்கும் சத்தம் (நீராவி)

நீராவி வரும் பாதையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒற்றைக் குழாய் அமைப்பில் நீராவி வரும் அதே வழியில்தான் தண்ணீரும் திரும்ப வேண்டும்.

முதலில் வால்வு. ஒற்றைக் குழாயில் அது முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். சூட்டைக் குறைக்கப் பாதி மூடினால் தண்ணீர் திரும்ப வழியில்லாமல் உள்ளேயே நிற்கும்.

அடுத்து சரிவு. ரேடியேட்டர் மேல் ரசமட்டம் வையுங்கள். வால்வு இருக்கும் பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். இவ்வளவு எடை பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் நின்றால் தரை அமுங்கும், சரிவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். எதிர்முனைக் கால்களை நெம்புகோலால் மெல்லத் தூக்கி, அடியில் கெட்டியான தகடு வையுங்கள். ஒரேயடியாக உயர்த்த வேண்டாம், வால்வுக்குப் போகும் குழாய் அந்த அளவுக்கு வளைந்துகொடுக்காது.

இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் சுவருக்குள்ளோ நிலவறைக் குழாயிலோ கேட்டால், அல்லது பாய்லர் கண்ணாடியில் நீர்மட்டம் துள்ளினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஒழுகுகிறது

இதில்தான் நிதானம் தேவை. மாற்றுவதா வேண்டாமா என்பது எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் உடம்பின் மேல் ஓடி வேறெங்கோ சொட்டும், அதனால் சொட்டும் இடத்தை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் உலரத் துடைத்துவிட்டு, உலர்ந்த காகிதத் துண்டை மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றி வாருங்கள். முதலில் ஈரமாகும் இடமே மூலம். சூடாக இருக்கும்போது ஆவியாகி மறையும் சிறு கசிவு, ஆறிய பிறகு தெரியும்.

வால்வுத் தண்டின் கழுத்தில்: அங்குள்ள நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இறுக்குங்கள். நிற்கவில்லை என்றால் வால்வை மூடி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, கிராஃபைட் கயிறு சுற்றி மறுபடி இறுக்குங்கள். மிகப் பழைய வால்வுகளில் உள்ள அடைப்புக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் அதைச் சுரண்ட வேண்டாம். சந்தேகம் இருந்தால் வால்வையே முழுதாக மாற்றச் சொல்லுங்கள்.

யூனியன் நட்டில் (வால்வை ரேடியேட்டரோடு இணைக்கும் பெரிய நட்டு): இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று வால்வைப் பிடிக்க, இன்னொன்று நட்டை இறுக்க. ஒன்றை மட்டும் வைத்து இறுக்கினால் அந்தத் திருகல் முழுதும் தரைக்குள் இருக்கும் குழாய்க்குப் போகும்.

இரண்டு செக்ஷன்களுக்கு நடுவில்: உள்ளே இரண்டையும் இணைக்கும் குட்டைக் குழாயான நிப்பிள் அரித்துவிட்டது, அல்லது வாஷர் செத்துவிட்டது. மரை நிப்பிள் வகையில் பிரித்து வாஷர் மாற்ற முடியும். அடித்து இறக்கிய வழுக்கு நிப்பிள் வகை என்றால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

உடம்பிலேயே விரிசல் அல்லது ஊசித்துளை: இங்கேதான் வார்ப்பிரும்பின் ஆயுள் முடிகிறது. பெரும்பாலும் உள்ளே தண்ணீர் உறைந்ததால் வருவது. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்து காப்பாற்றுவது நம்பகமில்லை, பசை பூசுவது தற்காலிகம். கசிவை அடைக்கத் தண்ணீரில் கலக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் அது பாய்லரின் குறுகிய வழிகளிலும் படிந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. விரிசல் விட்ட செக்ஷனை மட்டும் எடுத்துவிட்டு மீதியை இணைக்கலாம், இல்லையென்றால் முழுதும் மாற்றலாம்.

## மாற்றுவது என்று முடிவானால்: வாங்கும் முன் நான்கு பொருத்தம்

*நீராவி என்றால்* மெல்லிய இரும்புத் தகட்டில் செய்த பேனல் ரேடியேட்டர் வேண்டவே வேண்டாம், அவை வெந்நீருக்கானவை. நீராவிக்குத் தகுதி என்று உற்பத்தியாளர் எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

*வாட் கணக்கு:* பட்டியலில் இருக்கும் வாட் எண்ணுக்குப் பக்கத்தில் வெப்பநிலை வித்தியாசம் எழுதியிருக்கும். ரேடியேட்டரில் உள்ள தண்ணீரின் சராசரிக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் அது. ஐரோப்பியத் தரநிலை 75 டிகிரியில் உள்ளே, 65-ல் வெளியே, அறை 20 என்று கணக்கிடுகிறது. அதாவது வித்தியாசம் 50. சிலர் 60-ஐ வைத்து எண்ணை உயர்த்திக் காட்டுவார்கள், அதில் சுமார் 79 சதவீதம்தான் 50-ல் கிடைக்கும். உங்கள் பாய்லரையோ ஹீட் பம்ப்பையோ தாழ்ந்த சூட்டில் ஓட்டி வித்தியாசம் 30 ஆனால், 1000 வாட் என்று எழுதியது ஏறத்தாழ 515 வாட்தான் தரும். பழையதன் நீள உயரத்தைப் பார்த்து அதே அளவில் பேனல் வாங்குவது போதாது. அறைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் வாங்க வேண்டும்.

*மரை:* அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் பிரிட்டிஷ் மரை, அமெரிக்க மரை இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 புரி. அதனால் ஒன்று மற்றதில் ஏறுவது போலத் தோன்றும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, இன்னொன்றில் 60. எவ்வளவு டேப் சுற்றினாலும் ஒழுகிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

*உலோகம்:* பழைய இரும்புக் குழாய்களோடு அலுமினிய ரேடியேட்டர் சேர்த்தால், அதற்கு ஏற்ற துருத்தடுப்பு மருந்து கட்டாயம். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அலுமினியம் அரித்து வாயு கக்கும்.

## கழற்றும்போது: வால்வை மூடியும் தண்ணீர் நிற்கவில்லை

யூனியன் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, வாளி வைத்துக் காத்திருங்கள். ஒரு ரேடியேட்டர் அளவு தண்ணீர் வந்த பிறகும் ஓட்டம் குறையவில்லை என்றால் வால்வு பிடிக்கவில்லை. நட்டைத் திரும்ப இறுக்கிவிட்டு, மொத்த அமைப்பையும் வடித்த பிறகே தொடருங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. இரவு அறை மிகவும் குளிர்ந்தால் உறைவைத் தடுக்க அது தானாகவே திறந்துவிடலாம், காலையில் தரை முழுக்கத் தண்ணீர். தலையைக் கழற்றி அதற்கென்று உள்ள மூடும் தொப்பியைப் போடுங்கள், திறந்த வாய்க்கும் உலோக மூடி திருகுங்கள்.

அடுக்குமாடியில், பல வீடுகளுக்குப் பொதுவான நிலைக்குழாய் என்றால் இந்த வேலையை நீங்கள் செய்யக் கூடாது. கட்டட நிர்வாகத்தின் அனுமதியோடு, அவர்கள் அழுத்தத்தை இறக்கிக் கொடுத்த பிறகு, தொழில் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். ஒரே குழாய் வழியாக வீட்டுக்கு வீடு தண்ணீர் இறங்கும் அமைப்பில், ரேடியேட்டரைச் சுற்றித் தண்ணீரைக் கொண்டுபோகும் மாற்றுவழிக் குழாய் இல்லாமல் வால்வு வைத்து மூடினால், அந்த வரிசையில் உள்ள அத்தனை வீடும் குளிரும்.

## கழற்றும்போது: நட்டு அசையவில்லை

பெயிண்ட் கோட்டைக் கத்தியால் கீறி, துருநீக்கும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் இரண்டு ரெஞ்ச். அப்போதும் வரவில்லை என்றால் ஹாக்சாவால் நட்டைக் கீறிப் பிளக்கலாம். நட்டோடு, ரேடியேட்டருக்குள் மரையில் ஏறியிருக்கும் குட்டைக் குழாயும் எப்படியும் புதிதாக வரப்போகிறது. காக்க வேண்டியது தரையிலிருந்து வரும் குழாயைத்தான். அது உங்கள் கண்முன் திரும்ப ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். சுவருக்குள் முறிந்தால் சுவரை உடைக்க வேண்டி வரும், அங்கிருந்து பிளம்பர் வேலை.

கேஸ் தீயால் சூடாக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம், வீட்டுப் பெயிண்டில் அமெரிக்காவே 1978-ல்தான் அதைத் தடை செய்தது. தீயில் அது நச்சுப் புகையாகும், உலரத் தேய்த்தால் நச்சுத் தூசியாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

## கழற்றும்போது: தூக்க முடியவில்லை

எடையைக் கணக்கிட்டு ஆட்களைச் சேருங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கறுப்புத் தண்ணீரைச் சாய்த்து வடித்து, ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். கம்பளத்தில் பட்டால் அந்தக் கறை போகாது. நின்ற நிலையிலேயே கைவண்டியில் ஏற்றுங்கள். படுக்க வைத்து இரு முனையிலும் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து செக்ஷன் இணைப்புகள் விடும், திரும்பப் பயன்படுத்த நினைத்தால் அது முக்கியம். சம்மட்டியால் உடைத்து எடுத்துப்போவது வேகமான வழிதான், ஆனால் துண்டுகள் தெறிக்கும், ஈயப் பெயிண்டும் வீடெங்கும் சிதறும். வீட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள்.

## மாற்றிய பின்: புதியது சூடேறவில்லை

இந்த வரிசையில் பாருங்கள்: காற்று எடுத்தீர்களா, வெளியேறும் பக்க வால்வு திறந்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் ஊசி அசைகிறதா. அடுத்து ஓட்டத்தின் திசை. வால்வு உடம்பில் அம்புக்குறி இருக்கும், தலைகீழாக மாட்டினால் தண்ணீர் ஓடும்போது தடதடவென்று அடிக்கும். கீழே 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணைப்பும் வரும் பேனலில் வரும் குழாயும் போகும் குழாயும் இடம் மாறினாலும் இதே கதை.

எல்லாம் சரி என்றால் பங்கீடு. புதியது சூடாகி வேறொரு அறை ஆறிப்போனால் புதியதன் வெளியேறும் பக்க வால்வைச் சிறிது சிறிதாக மூடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அரை மணி நேரமாவது காத்திருந்து தொட்டுப் பாருங்கள்.

## மாற்றிய பின்: ரேடியேட்டர் சூடு, அறை குளிர்

முன்னால் சோபா, மேலே தொங்கும் திரைச்சீலை இவற்றை நகர்த்திப் பாருங்கள். இல்லையென்றால் வாட் கணக்கு குறைந்துவிட்டது. இன்னொரு மாற்றமும் உண்டு. வார்ப்பிரும்பு நிறைய தண்ணீர் பிடிக்கும், பாய்லர் நின்ற பிறகும் நெடுநேரம் சூட்டை விடும். பேனல் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று ஓட்டிய பழைய நேர அமைப்பு இனிப் பொருந்தாது, நேரத்தை நீட்டிக் கொடுங்கள்.

## மாற்றிய பின்: அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது

முதல் சில நாட்கள் காற்று வெளியேறுவதால் இறங்குவது இயல்பு. நிரப்பி, காற்று எடுத்து, மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் புது இணைப்புகளில் காகித ஒற்றல் செய்யுங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால் பாய்லரின் பாதுகாப்பு வால்விலிருந்து வெளியே போகும் குழாயைப் பாருங்கள். சூடாகும்போது அழுத்தம் எகிறி, ஐரோப்பிய வீட்டுப் பாய்லர்களில் வழக்கமான 3 பாரில் அது திறந்து சொட்டினால், சூட்டில் பெருகும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியில் காற்று இறங்கிவிட்டது அல்லது அதன் சவ்வு கிழிந்துவிட்டது. அது பாய்லர் ஆளின் வேலை. அவர் வரும்போது, வடித்த தண்ணீரோடு துருத்தடுப்பு மருந்தும் போய்விட்டது என்று சொல்லி, அளவு பார்த்துத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள்.